இறுக்கம் வேறு

ஷாக் அப்சார்பர் மாற்றிய மறுநாளே தொடங்கியது.
அதுவரை லொடலொட.
அதன்பின் சுத்தமாக, ஒற்றையாக,
டொக்.
யாரோ கதவைத் தட்டிவிட்டு
பேர் சொல்லாமல் நிற்பதுபோல.

இரண்டாயிரத்து இரண்டாம் வருடத்து நிசான் சன்னி.
நாலு லட்சத்துப் பத்தாயிரம் கிலோமீட்டர்.
"வித்துத் தொலைங்க" என்றார் கீழ்வீட்டுச் சேவியர்.
இதை வாங்குகிறவன்
என்னைவிட வசதி குறைந்தவனாக இருக்க வேண்டும்.
சோஹார் முழுக்கத் தேடினேன்.

ஜெசிந்தாவுக்கு இரவு டியூட்டி.
காலை ஏழரைக்கு ஆஸ்பத்திரி வாசலில் ஏறி
செருப்போடு பின்சீட்டில் சுருண்டுவிடுவாள்.
வீடுவரை பதினெட்டு நிமிடம்,
எட்டு வேகத்தடை, எட்டு டொக்.
"எந்தப் பக்கம்?" என்று கேட்டால்
கண் திறக்காமல் என்னையே விசாரிப்பாள்:
"ஏறும்போதா, இறங்கும்போதா?"
"இறங்கும்போது."
"பிரேக் போட்டா?"
"கிடையாது."
"இடது பின்பக்கம். எனக்கு இடுப்புக்குக் கீழே கேட்குது.
எழுதிக்கோங்க."
எழுதிக்கொண்டேன், பெட்ரோல் ரசீதின் பின்னால்.

சனாயாவில் ரசீதை யாரும் வாசிக்கவில்லை.
ஒருவன் புஷ் போச்சு என்றான், ஒன்பது ரியால்.
ஒருவன் ஸ்டெப்னியை வெளியே எடுத்து வைத்து
ஜாக்கியைப் பழைய பனியனில் சுற்றி
"இனி கேட்காது" என்று தோளில் தட்டினான்.
பட்டறை வாசல் தாண்டவில்லை,
டொக்.

மூன்றாவது ஆள் மொஃபிஸ், சிட்டகாங்.
ரசீதை வாங்கினான், தமிழ் எழுத்தைப் பார்த்தான்,
தலைகீழாகத் திருப்பியும் பார்த்தான்.
"டிக்கியில் ஒருத்தர் படுக்கணும், பாய்.
என் வலது காதை கம்ப்ரெஸர் தின்னுடுச்சு.
ஒரு காதுக்காரனுக்கு
சத்தம் தெரியும், திசை தெரியாது."

ஜூலை மாதம். நாற்பத்தாறு டிகிரி.
நாற்பத்தொரு வயதுக் கணக்கன்
சட்டையைக் கழற்றி மடித்து முன்சீட்டில் வைத்துவிட்டு
தன் சொந்த வண்டியின் டிக்கிக்குள் ஏறினேன்.
மூடியைக் கயிற்றால் கட்டினான், நாலு விரல் வெளிச்சம் விட்டு.
பக்கவாட்டு அட்டையை முன்பே பிடுங்கியிருந்தான்.
"அந்த நட்டு மேலே கையை வை. தூங்கிடாதே."

உள்ளே இருந்து கேட்டால்
இது வேறு வண்டி.
டயருக்கடியில் மணல் அரைபடுவது,
டாங்கியில் பெட்ரோல் புரள்வது,
எகிப்துக்காரர் காலத்து மிளகோ சீரகமோ
கம்பளத்தில் இன்னும் மணப்பது,
என் மூச்சு எனக்கே பெரிதாய்.
பட்டறைத் தெருவின் முதல் தடை.
ஏறியது. ஒன்றுமில்லை.
இறங்கியது.
காதுக்கு வருமுன் உள்ளங்கைக்கு வந்தது.

"இங்கேதான்! இங்கேதான்!" என்று தகரத்தை அடித்தேன்.
எதிர்க்கடை டயர்க்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்,
டிக்கிக்குள் ஒருத்தன் தமிழில் கத்துகிறான்.

மொஃபிஸ் ஸ்பேனர் போட்டான். அசையவில்லை.
"டைட்தான்" என்றேன். எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள்.
கழற்றினான்.
நட்டு மரை முடிந்த இடத்தில் போய் இறுகியிருந்தது,
பிடிக்க வேண்டிய ரப்பரைத் தொடவேயில்லை.
இடையில் இருக்க வேண்டிய வாஷர்
பழைய ஷாக்கோடு ஒட்டிக்கொண்டு
எந்தக் குப்பையிலோ.
இறுக்கம் வேறு, பிடிப்பு வேறு என்று
ஹிந்தியில் என்னவோ சொன்னான்,
அல்லது நானாகத்தான் அப்படிக் கேட்டேனோ.

பால்பவுடர் டின்னைத் தரையில் கவிழ்த்து
மூன்றாவது வாஷரில் சரியாக உட்கார்ந்தது.
"ஒரு ரியால். டிக்கியில் படுத்ததுக்குக் கழிவு,
ஐநூறு பைசா கொடு."

மறுநாள் காலை.
ஒன்று, இரண்டு, ஆறு, ஏழு.
எட்டாவது தடையில்தான் எப்போதும் விழிப்பாள்,
பையைத் தேடுவாள், சாவி எங்கே என்பாள்.
இன்று வீட்டு வாசலில் நிறுத்தியும்
வாய் லேசாகத் திறந்து தூங்குகிறாள்.
ஏ.சி. ஓடட்டும் என்று எஞ்சினை அணைக்கவில்லை.
ஒன்பதுக்கு எனக்கு ஆபீஸ்.
குப்பை வண்டி வந்தது, போனது.

முன்பக்கம், பெல்ட் இருக்கும் இடத்தில்,
மெல்லிசாக ஒரு கீச்.

எனக்கு ஒரு காதுதான் என்று
உட்கார்ந்திருந்தேன்.